கறைக்காரியின் முப்பத்தொரு குற்றங்கள்

எங்கள் லாண்டரியில் அவளைக் கறைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட எங்களுக்குக் கூச்சமில்லை, அதைக் கேட்டு அவளுக்கு வருத்தமும் இல்லை. நான்கு ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, துவாலை எல்லாம் எங்களிடம்தான் வரும். மெஷினில் போட்டும் போகாத கறைகள் ஜன்னலோரம் இருக்கும் அவள் மேஜைக்குப் போகும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவாள், முகர்ந்து பார்ப்பாள். "இது காபி இல்ல, இருமல் மருந்து" என்பாள். "காபின்னுதானே சீட்டுல எழுதியிருக்கு?" என்று கேட்டால், "எழுதினவனைக் கூட்டிட்டு வா, அவன் சட்டையையும் பாத்துடறேன்" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

நான் பக்கத்து மேஜை, இஸ்திரி. பத்தொன்பது வருஷமாக அதே இடம். மூன்று பெற்றவள். அதனாலேயே பிள்ளை பெறும் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு திமிர் உண்டு. இந்தக் கதையில் நிறையப் பேரைக் கேவலமாகப் பேசப்போகிறேன். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் பக்கம் விரல் நீட்டிக் கஷ்டப்பட வேண்டாம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். நல்ல மனுஷன் என்றால் கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார், எதைக் கேட்டாலும் "ம்" என்பார். இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளையிடம் எதிர்பார்த்தால் பேராசை என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் வரை ஒன்றும் தங்கவில்லை. இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்தார்கள். இருவருக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி குறை எதுவும் இல்லை. "காரணம் கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரியவில்லை என்று எழுதவும் ஒரு ஆளுக்குப் பெயருக்குப் பின்னால் பத்து எழுத்து தேவைப்படுகிறது.

அவர்கள் போய்வந்த கருத்தரிப்புச் சிகிச்சை மையத்துக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஒரு தடவை போனாலே போதும், மறக்காது. நுழைந்ததும் ஒரு மீன் தொட்டி. அதற்கு மேலே சுவர் முழுக்கப் பிறந்த குழந்தைகளின் படங்கள், நூறாவது இருக்கும். பிள்ளை இல்லையே என்று வருகிறவளை அந்தச் சுவருக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது யாருடைய யோசனையோ, அந்த ஆளைக் கொண்டுவந்து எங்கள் கொதிகலன் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பாசிட்டிவா நினைங்க." உள்ளே போகிறவளுக்கும் அதே, வெளியே அழுதுகொண்டு வருகிறவளுக்கும் அதே.

முதல் தடவை கருமுட்டை போதுமான அளவு வளரவில்லை. இரண்டாம் தடவை கரு வைத்தார்கள், தங்கவில்லை. மூன்றாம் தடவை இரண்டு கரு வைத்தார்கள். வைத்த பிறகு பன்னிரண்டு நாள் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு நாளில் நான்கு நாள் வீட்டில் படுத்திருந்தாள், மீதி நாள் வேலைக்கு வந்தாள். அவளாக வரவில்லை. மேனேஜர் தினமும் போன் போட்டு, "அம்மா, கறை மலை மாதிரி குவிஞ்சிருக்கு, உக்காந்துக்கிட்டே பண்ணுங்க போதும்" என்று கெஞ்சினார். வந்து பார்த்தால் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு, இரண்டு மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் போன் பேசினாள். எனக்கு அந்தப் பக்கக் குரலும் கேட்டது. "இந்தத் தடவை இல்லைம்மா. பாசிட்டிவா இருங்க." அவள் "சரிங்க, தேங்க்ஸ்ங்க" என்றாள். எதற்கு நன்றி சொன்னாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போனை ஏப்ரன் பைக்குள் போட்டாள். மேஜைமேல் பீட்ரூட் கறையோடு ஒரு விரிப்பு கிடந்தது. அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். துணி நைந்து அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அப்போதுதான் நிறுத்தினாள்.

"வாளியைத் தூக்கினேன்க்கா" என்றாள். "ஆறாம் நாள். ஊறப்போட்ட துணியோட. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், சோம்பேறித்தனம்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மூன்று பெற்ற மகராசியாயிற்றே, சும்மா இருப்பேனா? "வாளி மட்டுமா? கையைத் தூக்கித் தூக்கி விரிப்பை உதறினியே, அன்னிக்கே எனக்குப் பக்குனு இருந்துச்சு" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதைவிட ஆறுதலாக ஒரு செங்கல்லை எடுத்து அவள் தலையில் போட்டிருக்கலாம்.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. என்ன கறை, என்ன போட்டாள், போனதா இல்லையா என்று முன்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவாள். அன்றைக்கு மத்தியானம் அந்த நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து வேறு ஒன்று எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவள் முகம் கழுவப் போயிருந்தபோது நோட்டு விரித்தபடி கிடந்தது. படித்துவிட்டேன்.

ஒன்று, வாளி. இரண்டு, விரிப்பு உதறியது. மூன்றாம் நாள் தும்மியது. ஐந்தாம் நாள் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தது. கறை எடுக்கும் மருந்தின் நெடி. இருபத்தொன்பது வயதில் "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று சொன்னது. ஒரு காபி. இன்னொரு காபி. அவருடன் போட்ட சண்டை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதபோது சனியன் என்று நினைத்தது. இப்படி இருபத்திரண்டு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. தும்மலுக்குக்கூட மணி போட்டிருந்தாள். இரண்டாவதற்கு எதிரே, அடைப்புக்குறிக்குள், "அக்கா அன்றே கவனித்தார்" என்று எழுதியிருந்தது. அக்கா என்றால் நான்தான். சாட்சியாகவே போட்டுவிட்டாள்.

கொலைக் குற்றவாளிகூட இப்படி உட்கார்ந்து தனக்கு எதிராகத் தானே ஆதாரம் தேட மாட்டான்.

எழுதுவதோடு நிற்கவில்லை. தண்டனையும் தானே கொடுத்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். உட்காரும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். காபியை நிறுத்தினாள். மருந்து நெடி வேண்டாம் என்று மேனேஜரிடம் கேட்டு, துவாலை மடிக்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். எங்கள் இடத்திலேயே மூளை தேவைப்படுகிற ஒரே வேலையை விட்டுவிட்டு, எந்த மெஷினும் செய்யக்கூடிய வேலைக்குப் போனாள். அவள் மேஜையில் ஒரு புது ஆள் வந்து, எல்லாக் கறைக்கும் பிளீச்சை ஊற்றித் துணிகளைக் கொன்றுகொண்டிருந்தான்.

"யாருக்காகடி இப்படி நடக்கிற? உள்ள யாரு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். கேட்டது தப்புத்தான். எரிச்சல்.

"பழகிக்கிறேன்க்கா, அடுத்த தடவைக்கு" என்றாள்.

புருஷனோ வழக்கம்போல நல்ல மனுஷனாக இருந்தார். முடிவு தெரிந்த அன்று சாயங்காலம், "விடு, இனிமே ஜாக்கிரதையா இருப்போம்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாராம். அதை அவள் எவ்வளவு பெருமையாக என்னிடம் சொன்னாள் தெரியுமா? "ஒரு வார்த்தை திட்டலக்கா." இனிமேல் ஜாக்கிரதை என்றால் இதுவரை ஜாக்கிரதையாக இல்லை என்றுதானே அர்த்தம்? இது எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. நல்ல மனுஷன் என்ற பெயர் வந்துவிட்டால் அவர்கள் பேசுவதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

அடுத்து நாத்தனார். அவருடைய அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான், சாப்பாட்டு மேஜையிலும் டீச்சர்தான். இரண்டு பிள்ளைகள், இரண்டும் கேட்ட மாதத்தில் பிறந்தவை. அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் பரிமாறுவதற்கு முன்னாலேயே ஒரு தாளை நீட்டினார். செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு கட்டம் போட்டு அழகாக அச்சடித்த தாள். செய்யக் கூடாதவை கட்டம்தான் பெரிது.

அவள் அதை வாங்கிப் படித்தாள். "இதெல்லாம் செஞ்சேன் அண்ணி" என்றாள். "எல்லாத்தையும் செஞ்சேன்."

நாத்தனார் பெருமூச்சு விட்டார். "செஞ்சா மட்டும் போதாதும்மா. மனசு முழுசா வேணும்னு நினைச்சிருக்கணும். உடம்புக்குப் பொய் சொல்ல முடியாது பாரு. உனக்கு உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு தயக்கம் இருந்திருக்கு."

அவர் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு "ம்" என்றார். நல்ல மனுஷன்.

திங்கட்கிழமை நோட்டில் முப்பதாவதாக ஒன்று ஏறியிருந்தது. "முழு மனதோடு ஆசைப்படவில்லை." தேதி போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. எந்தத் தேதியில் ஆசைப்படவில்லை என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று தடவை வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவள், ஆசைப்படாமலே அத்தனையும் குத்திக்கொண்டாளாம். தும்மலை நம்பினதைக்கூட மன்னிக்கலாம். இதை நம்பிவிட்டாளே! இந்தத் தடவை நோட்டை ஒளிந்து படிக்கவில்லை. அவள் கண் முன்னாலேயே எடுத்துப் படித்துவிட்டு, "இதை எடுத்துக்கிட்டுப் போய் அந்த டாக்டர்கிட்டயே கேளு. எது காரணம்னு சொல்லட்டும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஏழு மாதத்தில் முதல் தடவை. "கேக்கலாமா அக்கா? சொல்வாரா?"

புதன்கிழமை போனோம். புருஷன் வரவில்லை, எங்கேயோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். அந்த மீன் தொட்டி, அந்தச் சுவர், அந்த "பாசிட்டிவா நினைங்க" எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனபோது மணி பன்னிரண்டரை. டாக்டர் நாலு நிமிஷம் கொடுத்தார். அவள் நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். "இதுல எதனால போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை கவனமா இருப்பேன் சார்."

அவர் முதல் பக்கத்தை மட்டும் மேலாக ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார். "இதெல்லாம் ஸ்ட்ரெஸ்ம்மா. மனசை இப்படி வெச்சிருந்தா எப்படித் தங்கும்? ரெண்டு மாசம் ரிலாக்ஸ் பண்ணிட்டு ஃப்ரீயா வாங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இதுல எதுவுமே காரணம் இல்ல" என்று சொல்ல மூன்று வினாடி ஆகியிருக்கும். அதைச் சொல்லாமல் கையில் இன்னொன்றைக் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் வராண்டாவில் சுவரோடு நோட்டை வைத்து அவள் எழுதினாள். முப்பத்தொன்று, ஸ்ட்ரெஸ். எனக்கு அந்தக் கதவை உதைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போக வேண்டும்போல இருந்தது. போகவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் என் போன்றவர்களின் வீரம் எல்லாம் வீட்டோடு சரி.

லிஃப்ட் வேண்டாம், கூட்டம் என்று பின்பக்கப் படி வழியாக இறங்கினோம். பாதிப் படியில் ஒரு பெண் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் வலைத் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. ஆய்வுக்கூடத்தில் கருவை வளர்த்துப் பார்க்கிறவள். இவளுக்கு முகம் தெரியும். கரு வைத்த அன்று ஜன்னல் வழியாகப் பெயரைச் சரிபார்த்தவளாம்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்று இவள் அந்தப் படியிலேயே நின்று நோட்டை நீட்டினாள்.

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். டாக்டர் மாதிரி இல்லை, முழுக்கப் படித்தாள். பக்கத்தைத் திருப்பித் திருப்பி, முப்பத்தொன்றையும் படித்தாள். அவள் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"இதுல ஒண்ணுகூட இல்லம்மா" என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. நான் தினமும் மைக்ராஸ்கோப்ல பாக்கிறேன். கரு உருவாகிறப்பவே உள்ள அமைப்பு சரியில்லாம போறது ரொம்ப சகஜம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் தானா நின்னுபோயிடும். வீட்ல இயல்பா உண்டாகிறதுலயும் எத்தனையோ இப்படித்தான், நாள் தள்ளிப்போச்சுன்னுகூடத் தெரியாம முடிஞ்சுபோயிடுது. உங்களோடது ஏன் நின்னுச்சுன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வாளியால இல்ல. தும்மலால இல்ல. நீங்க பன்னெண்டு நாளும் படுத்தே கிடந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்."

"ஆசைப்படாததால?"

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆசைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. வேண்டவே வேண்டாம்னு இருக்கிறவங்களுக்குத் தங்குது. அது உங்களுக்குத் தெரியாதா?"

நான் குறுக்கே புகுந்தேன். "அப்போ உங்க டாக்டர் இதை ஏங்க சொல்லல?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இப்பதான் கேட்டுட்டு வரோம். ஸ்ட்ரெஸ்ஸுன்னு சொன்னாரு."

அந்தப் பெண் டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது. நோட்டை இவள் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு டைம் ஆச்சு" என்று எழுந்து போனாள். அவளையும் திட்டலாம்தான். ஆனால் அந்தக் கட்டிடத்திலேயே வெட்கப்படத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது, எல்லாம் தீர்ந்தது, இவள் இனிமேல் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தில் நிம்மதியைக் காணோம். நாலு ஸ்டாப் தாண்டியதும், "அவ யாருக்கா அதைச் சொல்றதுக்கு?" என்று சீறினாள்.

"ஏன்டி, நல்லதைத்தானே சொன்னா?"

"என்ன நல்லது? தப்பு என்னோடதுன்னா அடுத்த தடவை திருத்திக்கலாம். வாளியைத் தூக்காம இருக்கலாம், நெடியில நிக்காம இருக்கலாம். யாரோடதும் இல்லன்னா நான் எதைத்தான்க்கா திருத்தறது?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டை செய்யவில்லை. பஸ்ஸிலேயே, பட்டப்பகலில், வாய்விட்டு அழுதாள். ஏழு மாதமாக அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது, அழ எங்கே நேரம்? அன்றைக்குத்தான் அந்த இரண்டு கருவுக்காக அழுதாள். நான் அந்த நோட்டைப் பைத்தியக்காரத்தனம் என்று எத்தனை தடவை மனசுக்குள் கேலி செய்திருப்பேன்! அவள் கையில் மிச்சம் இருந்த நம்பிக்கையே அதுதான். அதைத்தான் அன்றைக்குப் படியில் வைத்துப் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்க வழி காட்டியவளும் நான்தான். ஆனாலும் பிடுங்க வேண்டியதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அடுத்து நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். சனிக்கிழமை சமையலறையில் புருஷனை உட்கார வைத்து, முப்பத்தொன்றையும் படித்துக் காட்டியிருக்கிறாள். படித்துவிட்டு, "இதுல எதை நீங்க நம்புனீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் "ம்" என்று ஆரம்பித்தாராம். "ம் வேணாம். எது?"

"வாளி… வாளியாத்தான் இருக்கும்னு கொஞ்சம் நினைச்சேன்" என்றாராம்.

"எத்தனை நாளா?"

"அன்னிலேர்ந்தே. ஆனா நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே. மன்னிச்சுட்டேன்ல."

மன்னித்துவிட்டாராம்! ஏழு மாதம் தினமும் இவள் போட்ட சாப்பாட்டைத் தின்றுகொண்டு, இவள் செய்யாத கொலைக்கு இவளை மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவள் அந்த லேப் பெண் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், "நான் மூணாந்தடவை வரைக்கும் சிகரெட் பிடிச்சுட்டுதான் இருந்தேன். விட்டுட்டேன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். அதனாலதானோன்னு ஒரு பயம் இருந்துச்சு" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீதான் உன்னோட தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே." பிறகு, அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, முழுசாக ஒரு உண்மையைச் சொன்னார். "எனக்கு அது வசதியா இருந்துச்சு."

இதை அவள் என்னிடம் சொல்லும்போது என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன், ஒரு தலையணை உறை கருகிப் போனது. "நீ என்னடி சொன்ன?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டேன்."

பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் தானே சமைத்தார், தானே துவைத்தார், கதவுக்கு வெளியே நின்று, "சிகரெட்டால இருந்திருந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பன்னிரண்டாம் நாள் இவள் கதவைத் திறந்து, "அதாலயும் இருக்காது. ஆனா பொய் சொன்னது சொன்னதுதான்" என்றாளாம். அந்தக் குற்றம் கருவுக்குச் செய்தது இல்லை, தனக்குச் செய்தது என்று பிரித்துச் சொல்லிவிட்டாள். இத்தனை தெளிவு எனக்கு வராது. நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்து அவர் தலையிலேயே கட்டியிருப்பேன்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "போய்? அங்க இன்னொரு நல்ல மனுஷன் உக்காந்திருப்பான்" என்றாள். இப்போது அவர் "ம்" என்றால், "வாயைத் திறந்து சொல்லுங்க" என்கிறாளாம். திறக்கிறாராம்.

சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இருவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. உடம்பு போதும் என்கிறது, மனசும் போதும் என்கிறது, அவ்வளவுதான். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இவள் ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள்.

"வேற ஒரு டாக்டர் இருக்காராம்மா. கடைசியா ஒரு தடவை."

"இல்ல அண்ணி, நிறுத்திட்டோம்."

"அதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன், உனக்கு முழு மனசு இல்லன்னு…"

"அண்ணி, உங்களுக்கு ரெண்டு பொறந்துச்சே, நீங்க எதைச் சரியா செஞ்சீங்க?"

"என்ன?"

"சொல்லுங்க, எழுதிக்கிறேன். என்ன சாப்பிட்டீங்க, எப்படிப் படுத்தீங்க, எவ்வளவு ஆசைப்பட்டீங்க? தேதியோட சொல்லுங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். சொல்வதற்கு என்ன இருக்கிறது? எங்கள் யாரிடமும்தான் என்ன இருக்கிறது? நான் மூன்று பெற்றதும் அப்படித்தான். ஒரு மண்ணும் செய்யவில்லை. மூட்டை தூக்கினேன், படி ஏறினேன், புருஷனோடு சண்டை போட்டேன், இரண்டாவது வேண்டாம் என்று நினைத்துக்கூட அழுதேன். அதுதான் மூன்றிலும் நல்ல கொழுகொழு என்று பிறந்தது. வந்ததை என் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் தோளில் சால்வை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் பழைய மேஜைக்குத் திரும்பினாள். பிளீச்காரனைத் துவாலை மடிக்க அனுப்பினார்கள், அவனுக்கு அதுதான் ஏற்ற இடம். முழுக்கத் தேறிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஹோட்டலிலிருந்து எப்போதாவது தொட்டில் விரிப்பு வரும். அதை எடுத்துப் பேசாமல் என் மேஜையில் வைத்துவிடுவாள். நான் பார்த்துக்கொள்வேன். சில நாள் அவளே பார்த்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் என் மூத்த மகளுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. போனில் அவள் அழுகிறாள். என் வாயில் முதலில் வந்தது, "நீ என்ன…" அதற்கு மேல் என்ன வரவிருந்தது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இவ்வளவு பட்டும் என் நாக்கு திருந்தவில்லை பாருங்கள். "நீ என்ன ஆஸ்பத்திரியிலயா, வீட்லயா? இதோ வரேன்" என்று எப்படியோ ஒட்டுப்போட்டு முடித்தேன். என்னை எனக்கே நம்பிக்கை இல்லாததால் கறைக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவள் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகளே திரும்பினாள்.

"சித்தி, நான் மாடிப்படி ஏறினதாலயா?"

"இல்ல."

"பஸ்ல நின்னுக்கிட்டே போனேன்."

"அதால இல்ல."

"முதல்ல தெரிஞ்சப்போ, இப்பவேவான்னு நினைச்சேன் சித்தி."

"எல்லாரும் நினைக்கிறதுதான். அதாலயும் இல்ல."

மகள் இன்னும் நாலைந்து கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இவள் அலுக்காமல், அவசரப்படாமல், அந்த லேப் பெண் படித்த மாதிரியே முழுக்கக் கேட்டுவிட்டு, இல்லை என்றாள். வாசலில் என் மருமகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனும் நல்ல பையன் என்றுதான் பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா டாக்டர் அலையாதேன்னு சொல்லியிருந்தாங்கல்ல?" என்று ஆரம்பித்தான்.

இவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கழுத்திலிருந்து கால்வரை, மெதுவாக.

"தம்பி, நீங்க போய் எல்லாருக்கும் டீ போடுங்க" என்றாள். "சக்கரை கம்மியா."

அவன் போனான்.